பச்சை டின்னா, சிங்க்கா? கடற்காற்றில் நிற்கும் இரும்புக்கு எதைப் பூசுவது

சிங்கப்பூரின் துவாஸில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார். "தம்பி, ஒரு சேல்ஸ்மேன் வந்து டின் ஒன்னு வச்சுட்டுப் போயிருக்கார். சிங்க் வேண்டாம், குரோமேட் வேண்டாம், இது பிளாஸ்டிக்குதான், ஆனா கரண்ட் கடத்தும், இதைப் போட்டா துருவே வராதுன்னு சொல்றார். நீங்க வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

சிங்க் என்றால் துத்தநாகம்; குரோமேட் என்றால் குரோமியம் கலந்த துருத்தடுப்புப் பொருள். போனேன். மூடியைத் திறந்து குச்சியால் கலக்கினால் உள்ளே முற்றிய வேப்பிலை நிறத்தில் கரும்பச்சை. ஒரு தகட்டில் மெல்லியதாக ஓர் இழுப்பு இழுத்துக் காயவிட்டோம். காய்ந்த பிறகு, கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவத்தில் ஒரு சொட்டு அதன்மேல் விட்டேன். சொட்டு விழுந்த இடத்தில் பச்சை மங்கி நீலமாக மாறியது. "பாலியனிலின்தான் அண்ணே, சந்தேகமே இல்லை" என்றேன். மின்சாரம் கடத்தும் அந்த பிளாஸ்டிக்கின் பெயர் அது. நல்ல பொருள். ஆனால் அவர் கையில் இருந்த மூன்று வேலைக்கும் அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. அன்று அவரிடம் சொன்னதையும், வீட்டுக்கு வந்தபின் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தோடு இன்னும் பல பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள்.

அந்த மூன்று வேலைகள் இவை. முதலாவது, கடலோரப் படகுத்துறை ஒன்றுக்கான நடைமேடை: கைப்பிடிக் கம்பி, ஏணி, படிகள். இரண்டாவது, பம்ப் வைக்கும் பெரிய அடிச்சட்டம்; கனமான பெட்டிக் குழாய்களை வெல்டிங் செய்து, மேல்பரப்பைக் கடைந்து சமன்செய்து முடித்தது. மூன்றாவது, கட்டடத்துக்குள் வைக்கும் மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகள். ஒன்றரை மில்லிமீட்டர் தகடு, உள்ளே சில அலுமினியத் துண்டுகள். மூன்றுக்கும் ஒரே பிரைமரை, அதாவது இரும்பின்மேல் முதலில் அடிக்கும் அடிப்பூச்சை, வாங்கினால் விலை குறையும் என்பது அண்ணனின் கணக்கு. வியாபாரத்தில் அது நியாயமான கணக்குதான். இரும்புக்கு அந்தக் கணக்கு செல்லாது.

பதினான்கு வருடமாக யார்டுகளில் பெயிண்ட் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறேன். ஒரு பூச்சு முழுசாக, கீறல் இல்லாமல் இருக்கும்போது எவ்வளவு காக்கிறது என்பதை இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. முழுசாக இருக்கும்வரை சாதாரண எபாக்சிகூட (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின் பெயிண்ட்) நன்றாகவே காக்கும். காயம் பட்டால் அந்த இடத்தில் அது என்ன செய்யும்? என் முதல் கேள்வி அதுதான். ஏனென்றால் காயம் படாமல் எந்த இரும்பும் சைட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. லாரியில் சங்கிலி உரசும், கிரேன் ஷேக்கிள் இடிக்கும், போல்ட் முடுக்கும்போது ஸ்பேனர் நழுவும்.

சரி, பச்சை டின்னிலிருந்தே தொடங்குவோம்.

பிளாஸ்டிக் என்றால் மின்சாரம் கடத்தாது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1977-ல் ஷிராகாவா, மெக்டையர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரை அயோடினோடு சேர்த்துக் கடத்த வைத்தார்கள். அதற்காக 2000-ல் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பாலிஅசிட்டிலீன் காற்றில் நிலைக்காது, அதனால் பெயிண்ட் கடைப் பக்கம் அது வரவில்லை. அந்தக் குடும்பத்தில் நமக்கு உதவுவது பாலியனிலின். அனிலினை அமிலத்தில் வைத்து ஆக்சிஜனேற்றம் செய்தால் கிடைக்கும், செய்முறையும் எளிது. அமிலம் ஏறிய நிலையில் பச்சை, மின்சாரம் கடத்தும். காரம் பட்டால் அமிலத்தை இழந்து நீலமாகும், கடத்தாது. இன்னும் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் வெளிறிப்போகும். இந்த நிலைகளைப் பற்றி நம் ஊர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1998-ல் எழுதிய நீண்ட மறுஆய்வுக் கட்டுரையை இன்றுவரை உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுகிறார்கள். புக்கிட் தீமாவிலும் கிளமெண்டியிலும் குடியிருந்துகொண்டு இதை ஏதோ வெளிநாட்டு மாயம் என்று நினைக்கத் தேவையில்லை.

இது இரும்பை எப்படிக் காக்கிறது? துருப்பிடிப்பது என்றால் இரும்பு எலக்ட்ரானை விடுவது, காற்றிலுள்ள ஆக்சிஜன் தண்ணீரோடு சேர்ந்து அதை வாங்கிக்கொள்வது. இந்தக் கொடுக்கல் வாங்கல் பெயிண்டுக்கும் இரும்புக்கும் நடுவே நடக்கும்போது அங்கே காரம் உண்டாகி, பெயிண்டின் பிடிமானத்தை அரித்துவிடுகிறது. கொப்புளம் கிளம்புவது அதனால்தான். பச்சை நிலையில் உள்ள பாலியனிலின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரானை இழுத்து, மேற்பரப்பில் மெல்லிய, நெருக்கமான ஆக்சைடுப் படலம் உருவாக உதவுகிறது. சிவந்து உதிரும் துரு வேறு, இந்தப் படலம் வேறு. இது இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு அரிப்பை நிறுத்தும். எலக்ட்ரானை வாங்கிய பாலிமரை ஆக்சிஜன் மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆக, ஆக்சிஜனின் வேலை இரும்பின் மேற்பரப்பை விட்டு பாலிமருக்கு இடம் மாறுகிறது. 1985-ல் டிபெரி என்ற அமெரிக்க ஆய்வாளர் கந்தக அமிலத்தில் வைத்த துருப்பிடிக்கா எஃகின்மேல் பாலியனிலினைப் படியவைத்து இதைக் காட்டினார். 1990-களில் ஜெர்மனியில் வெஸ்லிங் என்பவர் இதைச் சந்தையில் விற்கும் பிரைமராகவே கொண்டுவந்தார். அதனால் சேல்ஸ்மேன் சொன்னது கட்டுக்கதை இல்லை.

இன்னொரு நல்ல குணமும் உண்டு. பாலிமரைக் கடத்த வைக்கும் அமிலம் பாஸ்பேட் வகையாக இருந்தால், பாலிமர் எலக்ட்ரானை வாங்கும்போது அந்த பாஸ்பேட் வெளியே வந்து, கரையும் இரும்போடு சேர்ந்து கரையாத உப்பாகக் கீறலில் படிந்துவிடும். தேவைப்படும்போது மட்டும் மருந்தை விடுகிற பூச்சு. இந்த யோசனை எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. நான் ஊரிலிருந்து வந்த புதிதில் பழைய அலுமினிய உறுப்புகளிலிருந்து மஞ்சள் நிறக் குரோமேட் பிரைமரைச் சுரண்டும் வேலைக்கு விட்டார்கள். முகத்தில் துணி மாஸ்க் மட்டும்தான். அந்த மஞ்சளில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்று எங்கள் யாருக்கும் அப்போது ஒருவரும் சொல்லவில்லை. குரோமேட் செய்த வேலையைச் செய்யக்கூடிய, அந்த விஷம் இல்லாத ஒன்றை யாராவது கொண்டுவந்தால் கதவைத் திறந்து வரவேற்பேன்.

ஆனாலும் நடைமேடைக்கு அதை வாங்க வேண்டாம் என்றுதான் அண்ணனிடம் சொன்னேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்துக்கும் இதே மாதிரி ஒரு பச்சை டின் வந்தது. மூன்று தகடுகளை ஒரே மாதிரி பிளாஸ்ட் செய்தோம், அதாவது மணல் வீசிச் சுத்தமாக்கினோம். ஒன்றில் சிங்க் எபாக்சி பிரைமர், ஒன்றில் பச்சை, ஒன்றில் சாதா எபாக்சி. மேலே மூன்றுக்கும் ஒரே எபாக்சி கோட். ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு வெட்டு: ஒன்று கத்தியால் மயிரிழைக் கீறல், இன்னொன்று கிரைண்டரால் மூன்று மில்லிமீட்டர் அகலக் காடி. கடலைப் பார்த்த கூரையில் ஒன்பது மாதம் கட்டித் தொங்கவிட்டோம். சாதா எபாக்சியில் இரண்டு வெட்டிலிருந்தும் துரு வழிந்தது. சிங்க்கில் இரண்டு வெட்டிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, அகலக் காடியின் நடுவில் மட்டும் லேசான பழுப்பு. பச்சையில் மயிரிழைக் கீறல் அப்படியே சுத்தமாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் சிவப்பு இல்லை. அகலக் காடியின் இரண்டு பக்கமும் மிளகு மிளகாகக் கொப்புளங்கள் வரிசை கட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே தெளிந்த நீர். பிஹெச் காகிதத்தை அதில் ஒற்றினால் கருநீலம், அதாவது நல்ல காரம். சாதா எபாக்சியில் பெயிண்ட் எவ்வளவு தூரம் கிளம்பியிருந்ததோ, அதைவிட அதிக தூரம் இதில் கிளம்பியிருந்தது.

ஒரே ஒரு கூரை, மூன்றே தகடு. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில், அப்போது மாக்ஸ் பிளாங்க் இரும்பு ஆய்வு நிலையம் என்று பெயர் கொண்டிருந்த இடத்தில் இதையே முறையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கடத்தும் பாலிமர் பூச்சு முழுவதும் வலைபோலத் தொடர்ந்து இருந்தால், பெரிய காயம் படும்போது அந்த வலை முழுவதுமே காயத்துக்கு எலக்ட்ரானை வாங்கும் களமாகிவிடுகிறது. காப்பாற்ற வேண்டிய இரும்பு அகலமாகத் திறந்து கிடக்க, பாலிமர் தன் கையிருப்பை அங்கே கொட்டித் தீர்க்கிறது. தீர்ந்த பிறகு கடலுப்பின் சோடியம் அயனிகள் அந்த வலை வழியாகவே விரைந்து ஓடி, பிடிமானத்தைக் கழற்றுகின்றன. அதே பாலிமர் நுண்ணிய துகள்களாக, ஒன்றையொன்று தொடாமல், கொஞ்சமாக எபாக்சிக்குள் தூவியிருந்தால் இந்தக் கேடு வருவதில்லை. கடத்துதல் அதிகமாக இருந்தால் காப்பும் அதிகம் என்று நினைத்து அளவைக் கூட்டுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. டேட்டா ஷீட்டில் 'அதிகக் கடத்துதிறன்' என்று பெருமையாக எழுதியிருந்தால் நான் அங்கேயே நின்று யோசிப்பேன்.

அப்புறம் ஹார்டனர், அதாவது பெயிண்டை இறுகவைக்கும் இரண்டாம் பாகம். அண்ணனுக்கு வந்த டின் இரண்டு பாக எபாக்சி. பெரும்பாலான எபாக்சி ஹார்டனர்கள் அமீன் வகை. அமீன் என்பதே காரம். அம்மோனியாச் சொட்டு செய்ததை ஹார்டனரும் செய்யும். பார்ட் ஏ-யும் பார்ட் பி-யும் கலந்து பத்து நிமிடத்தில் டின்னுக்குள் பச்சை நீலத்துக்கு நகர்வதை நாங்கள் நின்று பார்த்தோம். நீலம் ஆனால் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. நீல நிலை பாலியனிலினும் இரும்பில் நன்றாக வேலை செய்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 'கரண்ட் கடத்துவதால் காக்கிறது' என்று விற்ற பொருள், பூசும்போது கடத்தாத நிலைக்குப் போய்விட்டால், விற்றவர் அதற்கு விளக்கம் தர வேண்டும். அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டு மெசேஜ் போட்டார். "டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

இதே காரணத்தால் கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிக்கும், தண்ணீருக்கடியில் அனோடு (இரும்புக்குப் பதிலாகக் கரையும் உலோகக் கட்டி) கட்டிப் பாதுகாக்கும் இரும்புக்கும் பச்சையை நம்பிப் போக மாட்டேன். இரண்டு இடமும் காரம் மிகுந்தவை.

இப்போது சிங்க். இதில் இரண்டு வழி: உருகிய சிங்க்கில் முக்கி எடுப்பது (கால்வனைசிங்), சிங்க் தூள் கலந்த பிரைமர் அடிப்பது. இரண்டும் காயத்தில் செய்வது ஒன்றேதான். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைகிறது. தகட்டுப் பரிசோதனையில் பூத்த வெள்ளைப் பொடி அந்தத் தியாகத்தின் அடையாளம். பாலியனிலின் இரும்பை உறுதியான நிலைக்குத் தள்ளிக் காக்கிறது. சிங்க் இரும்பைக் கரையவே முடியாத நிலைக்கு இழுத்துக் காக்கிறது. காயம் பெரிதாகும்போது முதல் வழி தடுமாறும், இரண்டாவது வழி சிங்க் தீரும்வரை தாங்கும்.

கால்வனைசிங் தொட்டியின் வெப்பம் சுமார் 450 டிகிரி. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பான இரும்புக்கு ஐஎஸ்ஓ 1461 என்ற சர்வதேசத் தரநிலை கேட்கும் சராசரிப் பூச்சு 85 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இது எவ்வளவு காலம் தாங்கும்? பெயிண்ட் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 12944 தரநிலை சுற்றுச்சூழலை வகை பிரித்து வைத்திருக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்துக்கான சி5 வகையில் வெறும் இரும்பு முதல் வருடத்தில் 80 முதல் 200 மைக்ரான் தேயும்; சிங்க் 4.2 முதல் 8.4 மைக்ரான். 85-ஐ அதால் வகுத்தால் 10 முதல் 20 வருடம். ஒரு பைசா மராமத்து இல்லாமல், பெயிண்டே அடிக்காமல். இந்தக் கணக்கோடு போட்டி போட எந்த டின்னாலும் கஷ்டம்தான். குழாயின் உட்புறம், மூலை, வெல்டிங் இடுக்கு என்று தூரிகையும் ஸ்ப்ரேயும் எட்டாத இடமெல்லாம் உருகிய சிங்க் போய்விடும் என்பது கூடுதல் லாபம். ஏணிக்கும் கைப்பிடிக்கும் அதுதான் முக்கியம்; அவை வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து அழுகும்.

சங்கடங்களும் உண்டு. தொட்டிக்குள் அடங்கும் அளவில் பொருள் இருக்க வேண்டும். மூடிய குழாய் ஒவ்வொன்றிலும் காற்றுத் துளை போட்டே ஆக வேண்டும். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும். மெல்லிய தகடு அந்தச் சூட்டில் நெளியும். கடைந்து சமன்செய்த பரப்பு கோணிப்போகும். கால்வனைஸ் ஆனபின் வெல்டிங் செய்தால் சிங்க் புகை வரும்; அன்று இரவு காய்ச்சலும் நடுக்கமும் வந்து டோர்மிட்டரியில் சுருண்டு படுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முக்குவதற்கு முன்பே எல்லா வெல்டிங்கையும் முடித்துவிடுங்கள் என்று அண்ணனிடம் இரண்டு முறை சொன்னேன்.

கால்வனைஸ் செய்த இரும்பின்மேல் பெயிண்ட் அடிக்கும்போது செய்யக்கூடாத ஒன்றை என் கண்ணால் பார்த்தது ஒரு கட்டட வாசல் கேட்டில். ஒப்பந்தக்காரர் கடையில் கிடைக்கும் சாதா எனாமலை நேரடியாக அடித்துவிட்டுப் போய்விட்டார். எட்டு மாதத்தில் ஒரு மூலையில் விரலை வைத்து இழுத்தால் வாழைப்பழத் தோல் மாதிரி முழங்கை நீளத்துக்கு உரிந்து வந்தது. பின்பக்கம் தொட்டால் வழுக்கியது. சிங்க்கின் காரத்தோடு எனாமலிலுள்ள எண்ணெய் சேர்ந்து சோப்பாகிவிடுகிறது. சோப்பின்மேல் எந்தப் பெயிண்ட் நிற்கும்? லேசாக மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, எபாக்சி அடித்து, மேலே பாலியூரித்தேன் (வெயில் தாங்கும் மேல்பூச்சு) அடித்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காத்திருக்கும். சிங்க்கின் ஆயுளையும் பெயிண்டின் ஆயுளையும் கூட்டினால் வரும் தொகையைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு என்பது தொழிலில் சொல்லும் கணக்கு.

தொட்டிக்குள் போகாததற்கு சிங்க் பிரைமர். டின்னைத் தூக்கினாலே கை சொல்லிவிடும், அவ்வளவு கனம். காய்ந்த படலத்தின் எடையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்க் தூள் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 12944. துகள்கள் ஒன்றையொன்றும் இரும்பையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் எலக்ட்ரான் ஓடும், காப்பு கிடைக்கும். இங்கேயும் ஒரு கடத்தும் வலைதான் வேலை செய்கிறது. ஆனால் இந்த வலை எலக்ட்ரானைக் கொடுக்கிற வலை. மலிவான 'சிங்க் பிரைமர்' என்று விற்கும் பலவற்றில் சிங்க் வெறும் நிறத்துக்குத்தான் இருக்கும். விழுக்காட்டைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ப்ரே செய்யும்போது கலக்குவதை நிறுத்தினால் சிங்க் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, துப்பாக்கியிலிருந்து வெறும் பிசின்தான் வரும்.

பிளாஸ்ட் எஸ்ஏ 2½ தரத்துக்கு, அதாவது ஏறக்குறைய முழுக்க வெறும் இரும்பு தெரியும்வரை, வர வேண்டும். வயர் பிரஷ் போட்ட துருவின்மேல் சிங்க் பிரைமர் வீண். பச்சையும் அப்படித்தான், துருவின் ஊடாக இரும்பைத் தொட அதற்கும் கை நீளாது. பிளாஸ்ட் செய்ய வழியே இல்லாத பராமரிப்பு வேலை என்றால், துருவைச் சகிக்கும் எபாக்சி மாஸ்டிக் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சேல்ஸ்மேன் விட்டுப்போன தாளில் ஒரு பட்டியல் இருந்தது. உப்புநீர்த் தெளிப்புச் சோதனையில் பச்சை இத்தனை மணி நேரம், சிங்க் இத்தனை மணி நேரம், பச்சை வென்றது என்று. அந்த எண்கள் பொய் என்று நான் நினைக்கவில்லை. சோதனைதான் சிங்க்குக்கு நியாயமாக இல்லை. 35 டிகிரியில் 5 விழுக்காடு உப்புநீரை நிறுத்தாமல் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். சிங்க் காக்க வேண்டுமானால் நடுநடுவே காய வேண்டும். காயும்போதுதான் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அதன்மேல் கெட்டியான கார்பனேட் படலம் உருவாகி, தேய்மானம் குறைகிறது. காயவே விடாத பெட்டிக்குள் சிங்க் வேகமாகக் கரைந்து தீரும். வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஜூரோங்கில் அது அப்படி நடந்துகொள்வதில்லை. ஒப்பிட வேண்டுமானால் ஐஎஸ்ஓ 12944-இன் ஒன்பதாம் பகுதியில் உள்ள சுழற்சிச் சோதனையின் முடிவைக் கேளுங்கள். புற ஊதா ஒளியும் ஈரமும், உப்பு, பிறகு மைனஸ் 20 டிகிரிக் குளிர் என்று வாரம் ஒரு சுற்றாக 25 சுற்று, மொத்தம் 4,200 மணி நேரம். அதிலும் கீறலிலிருந்து துரு எவ்வளவு தூரம் ஊர்ந்தது என்ற அளவை மட்டும் பாருங்கள்.

சிங்கப்பூர்க் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கரையும். இங்கே சராசரி ஈரப்பதமே 80-க்கு மேல். அதாவது இரும்பின்மேல் ஒட்டிய உப்பு நம் ஊரில் ஏறக்குறைய எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். மழை படாத அடிப்பக்கம்தான் மோசம். நடைமேடையின் மேற்பரப்பைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் குனிந்து அடியில் பார்ப்பதில்லை.

பூசும் நேரமும் இதோடு கட்டுப்பட்டது. காலை ஏழரைக்கு காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், சுமார் 24.3 டிகிரி. இரும்பு அதைவிட மூன்று டிகிரி கூடுதலாக, அதாவது 27.3-க்கு மேல் இருந்தால்தான் பெயிண்ட் அடிக்கலாம். இரவெல்லாம் வெளியே கிடந்த கனமான சட்டம் அந்நேரம் அதற்கும் கீழேதான் இருக்கும். ஒன்பதரை, பத்து மணிவரை காத்திருக்கச் சொன்னால் ஃபோர்மேன் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் பூசிய பெயிண்ட், அது பச்சையோ சிங்க்கோ, பிழைக்காது. மூன்று வகைப் பூச்சையும் ஒப்பிட்டு முடித்தபின்னும், இந்த இரண்டு மணி நேரப் பொறுமை எந்தப் பிராண்டையும்விடப் பெரிய வித்தியாசம் செய்யும் என்பது என் அனுபவம்.

அன்று மதியம் பட்டறைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து முடிவெடுத்தோம். நடைமேடை கால்வனைசிங்குக்குப் போகிறது. தொட்டிக்கு அடங்கும்படி மூன்று துண்டாகப் பிரித்து, சைட்டில் போல்ட் போட்டு இணைப்பது, வெல்டிங் கிடையாது. மணல் வீசி, மேலே எபாக்சியும் பாலியூரித்தேனும். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. பம்ப் சட்டத்துக்குச் சூடு ஆகாது, அதனால் சிங்க் எபாக்சி 60 முதல் 75 மைக்ரான், நடுவில் தட்டையான தகடுபோன்ற துகள்கள் கலந்த எபாக்சி தடிப்பாக, மேலே பாலியூரித்தேன், மொத்தம் 300 மைக்ரான் பக்கம். வெல்டிங் ஓரங்களிலும் போல்ட் துளைகளிலும் ஸ்ப்ரேக்கு முன் தூரிகையால் ஒரு கோட். அண்ணன் அந்தக் கடைசி வரியைத் தள்ளிவிடப் பார்த்தார், ஆள் கூலி ஏறுகிறது என்று. "துரு அங்கேதாண்ணே முதல்ல வரும்" என்றேன். எழுதிக்கொண்டார்.

மின்பெட்டிகளுக்குத்தான் பேச்சு நீண்டது. மெல்லிய தகடு, தொட்டிக்குப் போகாது. தடிப்பாகப் பூசினால் கதவு சரியாக மூடாது. உள்ளே இரும்போடு அலுமினியமும் இருக்கிறது. கட்டடத்துக்குள் இருப்பதால் பெரிய இடி, உரசல் இல்லை; பட்டால் ஸ்க்ரூடிரைவர் கீறல்தான். மயிரிழைக் கீறலில் பச்சை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கூரையில் பார்த்திருக்கிறேன். இதில் போட்டுப் பாருங்கள் என்றேன். எல்லாப் பெட்டிகளுக்கும் வேண்டாம். நாற்பதில் ஆறு. பாலிமர் குறைந்த அளவில் துகளாகத் தூவியதா, பாஸ்பேட் வகை அமிலமா, எந்த ஹார்டனர் என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகு. மீதி முப்பத்துநான்குக்கும் வழக்கமான துத்தநாக பாஸ்பேட் எபாக்சி. ஆறு பெட்டிகளின் கதவுக்கு உட்பக்கம் பிரைமரின் பெயர், பேட்ச் எண், தேதி மூன்றையும் மார்க்கரால் எழுதி, பக்கத்தில் கத்தியால் ஒரே ஓர் அங்குலக் கீறல் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் மழை முடிந்ததும் பூதக்கண்ணாடியோடு நானே போய்ப் பார்க்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.